ஒரே மேசையில் இரண்டு முத்திரை

1

நேற்று என் செர்ரி மரத்தை வெட்டினார்கள். என் முழுச் சம்மதத்தோடு வெட்டினார்கள். வேலியோரம் நின்று, "யாரைக் கேட்டு வெட்டுகிறீர்கள்?" என்றேன். மஞ்சள் சட்டை போட்ட மேஸ்திரி கையிலிருந்த கணினிப் பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, மரியாதையாகத்தான் சொன்னார்: "ஹெர் குப்புசாமி, பதினான்காம் எண் தோட்டம். சம்மதம் என்று இருக்கிறதே."

ஹெர் என்றால் திருவாளர். குப்புசாமி என் அப்பா. ஏற்காட்டில் ஏரிக்கரைப் பக்கம் மளிகைக்கடை வைத்திருந்தவர், சேலத்தைத் தாண்டிப் போகாதவர். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன் நான் ஜெர்மனியில் இறங்கிய அன்று, ஒரு குமாஸ்தா என் தகப்பன் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதிவிட்டாள். அன்றிலிருந்து வரிக் கடிதமும் குப்பைவண்டி அட்டவணையும் செத்துப்போன மனுஷனுக்குத்தான் வருகின்றன. இப்போது மரம் வெட்டவும் அவரே சம்மதம் கொடுத்திருக்கிறார். கடையில் ஒரு தீப்பெட்டியைக்கூட விசாரிக்காமல் கொடுக்காத ஆள்.

இந்த நாட்டில் மார்ச் மாதம் பிறந்துவிட்டால் மரம் வெட்டக்கூடாது. பறவைகள் கூடு கட்டும் காலம், சட்டம் இருக்கிறது. அதனால் பிப்ரவரி முடிவதற்குள் அவசர அவசரமாக வெட்டித் தள்ளுகிறார்கள். பறவைக்கு இருக்கிற சட்டம் எனக்கும் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. பிறகு, எனக்கு இருக்க வேண்டியதில்லை என்றும் தோன்றியது. ஏன் என்பதைத்தான் எழுதப் போகிறேன். ஊரிலிருந்து நீங்கள் கேட்டு எழுதிய கேள்விக்குப் பதிலும் அதிலேயே இருக்கிறது.

2

போன இலையுதிர் காலத்தில் ஒரு கடிதம் வந்தது. உறையின் இடது மூலையில் நகராட்சியின் சின்னம், வலது மூலையில் ஒரு கம்பெனியின் சின்னம். நடுவில் வழக்கம்போல் என் அப்பா.

இங்கே எங்கள் ஊரில் நிலக்கரிச் சுரங்கம் மூடி ரொம்ப நாளாகிறது. இளசுகள் எல்லாம் பெரிய நகரங்களுக்குப் போய்விட்டன. என்னைப் போன்ற கிழங்கள் நகராட்சி வாடகைக்கு விடும் சின்னச் சின்னத் தோட்டங்களில் முள்ளங்கி போட்டுக்கொண்டிருக்கிறோம். அதிலும் மூன்றில் ஒரு பங்கில் காய்கறிதான் இருக்க வேண்டும். புல்லை வளர்த்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தால் தோட்டச் சங்கத்துக்காரர் நாடாவோடு அளக்க வந்துவிடுவார். அந்தத் தோட்டங்கள் இருக்கிற இடத்தில் பேட்டரித் தொழிற்சாலைக்குச் சாலை வருகிறதாம். நகராட்சியும் கம்பெனியும் கைகோத்து ஊரை நிமிர்த்தப் போகிறார்களாம்.

கூட்டம் போட்டார்கள். மேயரும் கம்பெனி மேலாளரும் ஒரே காரில் வந்து இறங்கினார்கள். அதைப் பார்த்ததும் எனக்குப் பழைய ஜீப் ஒன்று ஞாபகம் வந்தது. பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ரொட்டியும் காப்பியும் இலவசம்.

என் மகள் மலர் அந்த நகராட்சியில்தான் வேலை செய்கிறாள், மக்கள் கருத்துக் கேட்கும் பிரிவில். தொலைபேசியில் கேட்டேன், "அரசாங்கம் ஏம்மா கம்பெனிக்காரன் வண்டியில வரணும்?"

"சேர்ந்து வேலை செய்யலேன்னா ஒண்ணும் நடக்காதுப்பா. கம்பெனி தனியா வராது. டவுன் தனியா ஃபேக்டரி கட்ட முடியாது. ரெண்டு பேரும் ஒரு மேசையில உக்காந்தாத்தான் வேலை வரும்." இதில் பாதி ஜெர்மன், கால் ஆங்கிலம், மிச்சம் தமிழ். நான் எல்லாவற்றையும் தமிழாக்கி எழுதியிருக்கிறேன். எனக்கு அது பழக்கமான வேலை.

அவள் சொன்னது பொய் இல்லை. அந்த மேசையில் நானும் இருந்திருக்கிறேன்.

3

ஏற்காட்டில் நான் பார்த்த முதல் உத்தியோகம் ஒரு திட்ட அலுவலகத்தில். அரசாங்கமும் ஒரு சோப்புக் கம்பெனியும் கூட்டாக நடத்திய திட்டம். மலைக்காரர்கள் சாமையும் ராகியும் விதைத்துக்கொண்டு பின்தங்கிக் கிடக்கிறார்களாம். ஜெரேனியம் என்ற வாசனைச் செடியை வைத்து, எண்ணெய் வடித்து, தொழிலை வளர்க்க வேண்டுமாம். நாற்று அரசாங்கத்துடையது, எண்ணெய் வடிக்கிற கொட்டகை கம்பெனியுடையது, நிலம் மலைக்காரனுடையது. கிளியூர்ப் பக்கத்து ஆட்கள் அதற்குச் சென்ட்டுச் செடி என்று பெயர் வைத்தார்கள். ஆடுகூட வாய் வைக்காத செடி.

அலுவலகம் ஒன்றுதான். ஆபீசர் சென்னைக்காரர், மேனேஜர் பம்பாய்க்காரர், இருவருக்கும் பொதுவான எழுத்தர் நான். என் மேசையில் இரண்டு ரப்பர் முத்திரைகள் இருந்தன. வட்டமானது அரசாங்கம், நீளமானது கம்பெனி. மை டப்பா ஒன்றுதான். காலையில் வட்டம், மத்தியானத்துக்கு மேல் நீளம் என்று குத்துவேன். சில நாள் தூக்கக் கலக்கத்தில் மாற்றிக் குத்தியிருக்கிறேன். ஒருத்தரும் கண்டுபிடித்ததில்லை.

எனக்கு அது தற்காலிக வேலை. நிரந்தரமாக வேண்டும் என்று நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தேன். இதை மறைத்து எழுதினால் மேற்கொண்டு எழுதுவதற்கு அர்த்தமில்லை.

4

கொட்டச்சேட்டுக்கு மேலே சடையன் என்ற மலைக்காரருக்கு ஒரு சரிவு முழுக்கக் கமலா ஆரஞ்சு மரங்கள் இருந்தன. அவருடைய அப்பன் வைத்தவை. காய்க்கிற காலத்தில் கூடையோடு எங்கள் கடைக்கு வருவார். நான் அரைக்கால் சட்டை போட்டிருந்த வயதில், "ஏங்கண்ணு, அய்யன் எங்க?" என்று கேட்டுக்கொண்டே ஒரு பழத்தை என் கையில் வைப்பார். எடை போடுகிற கூடையிலிருந்து எடுக்க மாட்டார், மடியிலிருந்து எடுத்துக் கொடுப்பார்.

அவர் வீட்டு வாசலுக்கு ஆபீசரும் மேனேஜரும் ஒரே ஜீப்பில் போனார்கள். பின்னால் பதிவேட்டோடு நான். ஆபீசர் நன்றாகவே பேசினார். சாலை வரும், கரண்டு வரும், ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வரும் என்றார். கடைசியில், "ஆரஞ்சு மரம் நெழல் கட்டும், அதை எடுத்தாகணும். சம்மதமா பெரியவரே?" என்றார்.

சடையன் கைகட்டி நின்றார். "நொம்பத் தொலவுல இருந்து வந்திருக்கீங்க. ஊட்டுல காப்பித்தண்ணி வெச்சிருக்குதுங்க, குடிச்சிட்டுப் போங்க."

"அது இருக்கட்டும். சம்மதம்தானே?"

சடையன் மேலே மரங்களைப் பார்த்தார், கீழே ஜீப்பைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஆவட்டுங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில் பிறந்த எவனுக்கும் அந்த வார்த்தை எது என்று தெரியும். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வது மரியாதை இல்லை. அதனால் ஆகட்டும் என்று சொல்லி எழுந்துகொள்வோம். பேச்சு முடிந்தது, நீங்களும் புறப்படலாம் என்று அர்த்தம். துண்டை உதறின பிறகு சொன்ன ஆகட்டும் என்றால் சந்தேகத்துக்கே இடமில்லை.

ஜீப் திரும்பும்போது மேனேஜர் ஆங்கிலத்தில் கேட்டார், கிழவன் என்ன சொன்னான் என்று. ஆபீசர் என் பக்கம் திரும்பினார்.

"ஆகட்டும்னு சொன்னாருங்க" என்றேன்.

அது பொய்யில்லை. ஓர் எழுத்துக்கூட மாற்றவில்லை. 'ஆனால்' என்ற வார்த்தை வாய்வரை வந்தது. ஆபீசர் முகத்தில் வேலை முடிந்த திருப்தியைப் பார்த்தேன், அதை விழுங்கிவிட்டேன். அன்று மாலை பதிவேட்டில் என் அழகான கையெழுத்தில் எழுதினேன்: 'ஆகட்டும் எனக் கூறிச் சம்மதித்தார்.' வட்டம் ஒன்று, நீளம் ஒன்று, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் குத்தினேன். அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமானது.

5

வெட்டுவதற்கு ஆட்கள் போன அன்று நானும் போக வேண்டியிருந்தது. சடையன் மரத்துக்கும் கோடாலிக்கும் நடுவில் வந்து நின்றார்.

"நா எப்பக் கண்ணு ஒத்துக்கிட்டேன்?"

பதிவேட்டைத் திறந்து வாசித்தேன். அவர் நம்ப முடியாமல் என்னையே பார்த்தார்.

"பொண்ணு பாக்க வந்தவன் புடிக்காம எந்திரிச்சுப் போறப்ப என்ன சொல்லிட்டுப் போவான்? ஆவட்டுங்கன்னுதானே சொல்லுவான். அதுக்குன்னு பொண்ணூட்டுக்காரன் முகூர்த்தக்கால் நட்டுருவானா? உனக்குத் தெரியாதா கண்ணு?"

"ரிஜிஸ்தர்ல ஏறிடுச்சுங்க" என்றேன்.

"அப்ப சேர்வராயன் கோயிலுக்கு வா. உள்ளார வந்து, இந்தாளு சம்மதிச்சான்னு ஒரு சத்தியம் பண்ணு. மரத்த நானே வெட்டித் தாரேன்."

"ஆபீஸ் விஷயத்துக்குச் சாமியெல்லாம் எதுக்குங்க" என்றேன். எனக்குச் சாமி நம்பிக்கை அப்போது நிறையவே இருந்தது. அதனால்தான் போகவில்லை.

அதற்குப் பிறகு அவர் என்னைக் கண்ணு என்று கூப்பிடவில்லை. ரைட்டருங்க என்றார். வாராவாரம் சந்தைக்கு வருகிற நாளில் அலுவலகத்துக்கு வருவார். அந்த ஒரு வார்த்தையை அழித்துவிட வேண்டும் என்பார். மனு எழுதிக் கொடு என்பார்கள் ஆபீசரும் மேனேஜரும். அவருக்கு எழுதத் தெரியாது, நான்தான் எழுதிக் கொடுப்பேன். இப்போது நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. மனுவை எழுதியவன் நான். மேசைக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து அதை வாங்கியவன் நான். அரசாங்கத்துக்கு வந்த மனு என்றால், 'இது கம்பெனி சம்பந்தப்பட்டது' என்று எழுதி வட்டத்தைக் குத்துவேன். கம்பெனிக்கு வந்தது என்றால், 'இது அரசின் பதிவேடு, எங்களால் திருத்த இயலாது' என்று நீளத்தைக் குத்துவேன். சடையன் இரண்டு காகிதங்களையும் மடித்து மடியில் வைத்துக்கொள்வார். முன்பு ஆரஞ்சு இருந்த மடி.

ஒருநாள் கேட்டார், "ஏனுங்க ரைட்டருங்க, இந்த ஆபீசு மேல புகார் சொல்லணும்னா எந்த ஆபீசுக்குப் போவணுங்க?"

நான் சிரித்தேன். கேள்வி உண்மையிலேயே வேடிக்கையாக இருந்தது.

கொட்டகையில் முதல் தடவை எண்ணெய் வடித்தபோது அடுப்புக்கு விறகு வேண்டியிருந்தது. ஆரஞ்சுக் கட்டைகள் பக்கத்திலேயே காய்ந்து கிடந்தன. அடுப்பெரிக்கிற வேலைக்கு ஆள் கேட்டார்கள், நிலத்தில் வேறொன்றும் விளையாததால் சடையன் வந்தார். அப்பன் வைத்த மரத்தை மகன் உடைத்து உடைத்துப் போட்டு எரித்தார். எண்ணெய் நல்ல தரம் என்று மேனேஜர் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார். சடையனுக்கும் கொடுத்தார்.

6

ஒன்றைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. சாலை வந்தது. கரண்டும் வந்தது. பிரசவ வலி எடுத்த ஒருத்தியைக் கம்பெனி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்த் தாயையும் பிள்ளையையும் காப்பாற்றினார்கள். அதற்கு முன்பு என்றால் அவளைத் தூளியில் தூக்கிக்கொண்டு காப்பித் தோட்டங்களுக்குள் இறங்கியிருக்க வேண்டும். அரசாங்கம் தனியாக இருந்த காலத்தில் மனு மேல் மனுவாக வாங்கிக்கொண்டு சாலையைப் போடவில்லை. கம்பெனி தனியாக இருந்திருந்தால் அந்த மலைக்கே வந்திருக்காது. சாலை கொட்டகைக் கதவோடு நின்றது என்பதும் உண்மை. அதற்கு அப்பால் இருந்த குடிசைகளில் எண்ணெய் எடுப்பதற்கு ஒன்றும் இல்லை.

சில வருஷத்தில் அதே வாசனையைக் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் மலிவாகச் செய்யக் கற்றுக்கொண்டது. கொட்டகையைப் பூட்டினார்கள். கம்பெனி விலகியதால் திட்டம் முடிந்தது என்று அரசாங்கக் கடிதம். திட்டம் முடிந்ததால் விலகுகிறோம் என்று கம்பெனிக் கடிதம். இரண்டையும் ஒரே நாளில் எழுதினேன், ஒரே பேனாவில்.

எங்களிடம் எண்ணெய் வாங்கிக்கொண்டிருந்த ஜெர்மன் கம்பெனி ஒன்று கிடங்குக்கு ஆள் தேடியது. என் பதிவேடுகளைப் பார்த்து மெச்சி மேனேஜர் சிபாரிசு செய்தார். ஓர் அடித்தல் திருத்தல் கிடையாதே என்றாராம்.

புறப்படுகிற அன்று பஸ் நிலையத்துக்குச் சடையன் வந்திருந்தார். வழியனுப்பவா, சந்தைக்கா, தெரியாது. "ரெண்டு வருஷத்துல வந்து அந்த ரிஜிஸ்தர நானே சரி பண்ணித் தாரேனுங்க" என்றேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "ஆவட்டுங்க" என்றார்.

சின்னவனைப் பார்த்துச் சொல்வதென்றால் ஆவட்டும் கண்ணு என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த 'ங்க' என்னைக் கொண்டை ஊசி வளைவு முழுக்கக் குத்திக்கொண்டே வந்தது. அப்பா செத்தபோது ஒரு தடவை ஊருக்குப் போனேன். கொட்டச்சேடு பக்கம் போகவில்லை. பூட்டின கொட்டகைக்குச் சடையனையே வாட்ச்மேனாகப் போட்டிருந்தார்கள், அதே வேலையில் இருந்து செத்தார் என்று கடைக்கு வந்த ஒருவர் சொன்னார். அவர் நிலத்துக்கு அவரே காவல்.

7

இங்கே வந்த புதிதில் மேற்பார்வையாளரிடம் விடுமுறை கேட்டேன். "யா, யா" என்றார். யா என்றால் ஆமாம் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இரண்டு தடவை ஆமாம் என்கிறாரே, தங்கமான மனுஷன் என்று ஒரு வாரம் வீட்டில் இருந்துவிட்டேன். திரும்பி வந்தால் வேலை போகிற நிலைமை. ஒரு யா சொன்னால் ஆமாம், இரண்டு யா சொன்னால் போய்த் தொலை என்று அர்த்தமாம். ஆகட்டுங்க தெரிந்தவனுக்கு யா யா தெரியவில்லை. அன்று கிடங்கில் எல்லோரும் சிரித்தார்கள். சடையன் இருந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார்.

மலருக்கு ஏழு வயதானபோது ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். ஒரு நோட்டுப் போட்டு, இந்தப் பக்கம் தமிழ் வார்த்தை, அந்தப் பக்கம் ஜெர்மன் வார்த்தை. ஒருநாள், "அம்மா போன்ல ஆகட்டும் ஆகட்டும்ங்கறாங்களே, அப்படின்னா என்னப்பா?" என்று கேட்டாள். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் நோட்டில் எழுதினேன்: ஆகட்டும் என்றால் யா. ஒரே ஒரு யா. மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். உலகத்தில் ஓர் ஆளாவது அந்த வார்த்தைக்கு அதுதான் அர்த்தம் என்று நம்ப வேண்டும். எனக்கு அது தேவைப்பட்டது. பெற்ற பிள்ளையைவிட வசதியான ஆள் யார் கிடைப்பார்?

மனைவி போய் ஆறு வருஷமாகிறது. மலர் ஒரு ஜெர்மன்காரனைக் கட்டிக்கொண்டு இதே ஊரில் இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு வருவாள், என் பிறந்தநாளுக்கு வருவாள். இரண்டு சின்னம் போட்ட கடிதத்தோடு ஒரு படிவமும் வந்தது என்று சொன்னேனா? அதில் ஒரு கட்டம்: 'உங்கள் தாய்மொழியில் உதவி தேவையா?' எனக்கு என்ன உதவி? அவர்கள் சட்டத்தை அவர்களுக்கே வாசித்துக் காட்டுகிற அளவுக்கு ஜெர்மன் தெரியும். ஆனால் அந்த நகராட்சியில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் யார் என்பதும் தெரியும். கட்டத்தில் டிக் அடித்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் தோட்டத்துக்கு வந்தாள், கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு. அட்டையில் அவள் புருஷன் வீட்டுப் பெயர். பதினான்காம் எண் கிழவனுக்கு அவள் மகளா என்று எந்தப் படிவமும் கேட்கவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. செர்ரி மரத்தடியில் நாற்காலி போட்டு, மெனக்கெட்டு வாங்கிவைத்த கேக்கை வெட்டினேன்.

அவள் கையிலிருந்த பலகையைப் பார்த்து வாசித்தாள். "சாலைக்காக... உங்க தோட்டம்... திரும்பிக் குடுக்கணும். மாற்று இடம் தருவாங்க. நீங்க சம்மதமாப்பா?"

அந்தத் தமிழைக் கேட்டதும் எனக்கு வேறெதுவும் காதில் விழவில்லை. எத்தனை வருஷமாயிற்று அவள் இவ்வளவு நீளமாகத் தமிழ் பேசி. மரத்தைக் கொடுக்கிற எண்ணம் எனக்கு இல்லவே இல்லை. பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், முதலில் காப்பி ஆறுவதற்குள் குடிக்கட்டும் என்று நினைத்தேன்.

"ஆகட்டும்மா" என்றேன். "காப்பியக் குடி."

அவள் விரல் பலகையில் ஒரு தட்டுத் தட்டியது.

"என்ன போட்ட?"

"சம்மதம்னு. ஆகட்டும்னா யா தானேப்பா? அந்த நோட்டு இன்னும் எங்கிட்ட இருக்கு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் அம்மா சிரிப்பு.

இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு வினாடி போதும். ஆனால் ஏன் இல்லை என்று கேட்பாள். நோட்டில் ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்பாள். அங்கிருந்து ஆரம்பித்தால் கொட்டச்சேடு வரைக்கும் போக வேண்டும், அவளோடு சேர்வராயன் கோயிலுக்குள்ளே நுழைய வேண்டும். என் ஒரே மகள் என்னை ரைட்டரே என்று கூப்பிடுகிற மாதிரி பார்ப்பாள்.

அரசாங்கமும் கம்பெனியும் சேர்ந்து தொழில் நடத்தலாமா கூடாதா என்று ஊரிலிருந்து கேட்கிறீர்கள். தாராளமாகச் சேரட்டும். ஒரே காரில் போகட்டும், ஒரே கேக்கைத் தின்னட்டும். மேசை மட்டும் இரண்டாக இருக்க வேண்டும். ஒன்றின் மேல் இருக்கிற புகாரை இன்னொன்றில் போய்ச் சொல்ல இடம் வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு சரிவு ஆரஞ்சு மரமும் ஒரு செர்ரி மரமும் ஆயின. ஆரஞ்சு என்னுடையது இல்லை, அதனால் அப்போது புரியவில்லை.

மலர் காப்பியைக் குடித்து முடித்தாள். நான் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன், "இதுல பின்னாடி ஏதாவது மாத்தணும்னா யாருக்கும்மா எழுதணும்?"

"டவுனுக்கு எழுதலாம். இல்ல, கம்பெனிக்கு எழுதலாம்." கைப்பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். "ரெண்டும் எங்கிட்டதாம்ப்பா வரும்."

கேட் வரைக்கும் கூடவே போனேன். இனிமேல் அடிக்கடி வருவதாகச் சொன்னாள், மாதம் ஒருமுறையாவது. பஸ் நிலையத்தில் நான் சடையனுக்குக் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்தது. ஆகட்டும்மா என்றேன். அவள் அதையும் ஆமாம் என்று எடுத்துக்கொண்டு போனாள்.